ஆறு தீவும் ஆகஸ்ட் காற்றும்

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் ஆகஸ்ட் 8 முதல் 19 வரை கிரேக்கத் தீவுகளுக்கு முதுகுப்பையோடு போகிறோம். தீனோஸ், மிக்கோனோஸ், பாரோஸ், நாக்சோஸ், ஈயோஸ், சாண்டோரினி என்று ஆறு தீவு. படகுச் சீட்டு, அறை எல்லாம் போட்டாயிற்று. 19ஆம் தேதி காலை சாண்டோரினியில் விரைவுப் படகு ஏறினால், அன்றிரவே ஏதென்ஸிலிருந்து ஊருக்கு விமானம். காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அப்படி ஆனால் கடவுள் விட்ட வழி என்று போய்விடலாம்தானே? அறை கிடைக்காவிட்டால் கடற்கரையில் படுத்துக்கொள்ள ஒரு டெண்ட்டும் எடுத்துப் போகிறோம்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கடவுளே வழிவிட நினைத்தாலும் உங்கள் அட்டவணையில் அவருக்கு அரை நாள்கூடக் காலியில்லையே! இரண்டு நாளைக்கு ஒரு தீவு என்று நெருக்கி வைத்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு படகு நின்றால் போதும். அதற்குப் பின்னால் போட்ட சீட்டு, அறை, கடைசியில் விமானம் என்று எல்லாம் வரிசையாகக் கைவிட்டுப் போகும்.

பயமுறுத்துகிறவர் சரியாகத்தான் சொல்கிறார். கோடையில், இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில், வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறைந்திருப்பதால் வருவது. ஜூலை, ஆகஸ்டில்தான் அதன் ஆட்டம் அதிகம். தீவுகளுக்கு நடுவே புகும்போது இன்னும் வேகம் பிடிக்கும். ஆரம்பித்தால் சில நாள் விடாமல் அடிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. “இந்த வெயிலில் என்ன புயல்?” என்று பயணிகள் சீட்டுக் கவுண்டரில் சண்டை போடுவார்கள். கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? தடை போடுவது கடலோரக் காவல்படையின் துறைமுக அதிகாரிகள், படகு நிறுவனம் அல்ல. பொதுவாகக் காற்று, அதன் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8ஐத் தொட்டால் பெரிய கப்பல்களே நின்றுவிடும். நீங்கள் நம்பியிருக்கும் விரைவுப் படகுகள் அதற்கும் முன்பே நிற்கும்.

அந்த அதிகாரிகளைத் திட்டாதீர்கள். 2000 செப்டம்பர் 26 அன்று இரவு, பலத்த காற்றில், ‘எக்ஸ்பிரஸ் சமீனா’ என்ற கப்பல் பாரோஸ் துறைமுகத்துக்குச் சற்று வெளியே பாறையில் மோதி மூழ்கியது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். காற்று மட்டும் காரணமல்ல, ஊழியர்களின் அலட்சியமும் சேர்ந்துகொண்டது, தண்டனையும் கிடைத்தது. அந்தத் துறைமுகத்தில்தான் நீங்களும் இறங்கப்போகிறீர்கள்.

இனி, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நான் நினைக்கும் விஷயம். ‘போகிற போக்கில் போ, பிடித்தால் இன்னும் நாலு நாள் இரு’ என்று யூடியூப் பயண வீடியோவில் சொல்கிற பையன் ஆஸ்திரேலியாக்காரனாகவோ அமெரிக்கனாகவோ இருப்பான். 180 நாளில் 90 நாள்வரை அவனுக்கு விசாவே தேவையில்லை. அவன் கையிலிருக்கும் பாஸ்போர்ட்டுக்குத்தான் அந்தத் தத்துவமெல்லாம் பொருந்தும். உங்கள் ஷெங்கன் விசாவில் (கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்பது. இன்னொன்று, உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது. முதல் கணக்கில் வழக்கமாக 15 நாள் கூடுதலாகப் போட்டுத் தருவார்கள். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறவர்கள் நிறைய. இரண்டாவது எண் 12 என்றால் 12தான், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து. காற்றோ நிலநடுக்கமோ உங்களை நிறுத்திவிட்டால் நீட்டித்துத் தர விதியில் இடமுண்டு, கட்டணமும் இல்லை. ஆனால் நாள் முடிவதற்குள் அதிகாரிகளிடம் போய்க் கேட்டு, காரணத்தையும் நிரூபிக்கவேண்டும். சுற்றுலாப் போன இடத்தில் அரசு அலுவலக வரிசை எதற்கு? விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் திரும்பும் விமானத்தை மூன்று நாள் தள்ளிப்போட்டு, அந்த நாட்களையும் சேர்த்துக் கேளுங்கள். விசாவுக்காகக் காட்டும் அறைகளையும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடியவையாகப் பார்த்துப் போடுங்கள். அதே நாட்டுக்குள் தீவை மாற்றிக்கொள்வதில் விசாவுக்குச் சிக்கல் வராது.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிரேக்கர்களுக்கு மாதாவின் பெருநாள், அரசு விடுமுறை. ஏதென்ஸே காலியாகித் தீவுகளுக்குப் போகும். தீனோஸில் துறைமுகத்திலிருந்து மேட்டிலுள்ள தேவாலயம்வரை மண்டியிட்டே ஏறுகிற பக்தர்களைப் பார்க்கலாம். அந்த வாரத்தில் அங்கே அறை தேடுவது, வேளாங்கண்ணியில் திருவிழா அன்று ராத்திரி அறை தேடுவதைப் போல. படகு ரத்தானால் அடுத்த படகில் ஏறிக்கொள்ளலாம் என்ற கணக்கும் அந்த வாரத்தில் பலிக்காது. அடுத்த படகு ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

ஆகவே மூன்று தீவை வெட்டுங்கள். முதலில் வெட்டவேண்டியது மிக்கோனோஸ். முதுகுப்பைக்காரர்களின் பர்ஸுக்கு ஏற்ற ஊரே அல்ல அது. ஈயோஸும் தீனோஸும் அடுத்த முறைக்கு. மிஞ்சியதை, தூரமானது முதலில், கிட்ட இருப்பது கடைசியில் என்று திருப்பிப் போடுங்கள்: சாண்டோரினி, நாக்சோஸ், பாரோஸ். பாரோஸிலிருந்து ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குச் சாதாரணக் கப்பலில் நாலு மணி நேரம் சொச்சம்தான். சாண்டோரினியிலிருந்து என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். விரைவுப் படகு வேண்டாம், கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலையே பிடியுங்கள். கட்டணமும் குறைவு, மேல்தளத்தில் நின்று வேடிக்கையும் பார்க்கலாம். 15ஆம் தேதி எதிலும் ஏறாமல் பாரோஸிலேயே இருங்கள். அங்கே துறைமுக ஊரான பாரிக்கியாவில், பைசாந்தியக் காலத்து மாதா கோவிலில் அன்று திருவிழா. விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவும் ஏதென்ஸில்தான் என்று இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

நாக்சோஸில் மாட்டிக்கொண்டால் நான் பரிதாபப்படமாட்டேன். நீங்கள் சொன்ன ஆறும் அடங்கிய சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரிய தீவு அது. காற்று கடலைத்தான் அடைக்கும், மலைக்குப் போகும் பஸ்ஸை அல்ல. அபிராந்தோஸ் என்ற மலைக் கிராமத்தில் தெருவே பளிங்குக்கல். வடகோடியில் அபோலோனாஸ் ஊருக்கு மேலே, பழைய கல்குவாரியில், பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிலையொன்று பாதி செதுக்கியபடி படுத்துக் கிடக்கிறது, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக! அங்கே விளையும் உருளைக்கிழங்குக்கு கிரீஸ் முழுக்கப் பெயர். நீங்கள் சைவமாக இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 1 முதல் 14 வரை அங்கே நோன்புக்காலம். நோன்புச் சமையல் உண்டா என்று கேட்டால் இறைச்சியும் பாலும் முட்டையும் படாத பருப்பு, கீரை, அவரை வகைகள் வரும்.

பண விஷயம். படகு ரத்தானால், பணத்தைத் திரும்பக் கேட்பதா, வேறு படகில் இடம் கேட்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஐரோப்பியச் சட்டப்படி உங்களுக்கு உண்டு. ஆனால் காரணம் வானிலை என்றால் ராத்தங்கல் செலவையோ இழப்பீட்டையோ நிறுவனம் தரவேண்டியதில்லை. விசாவுக்காக எடுக்கும் காப்பீடு (30,000 யூரோ என்று போட்டிருக்குமே) மருத்துவச் செலவுக்கானது. தவறவிட்ட விமானத்துக்கு அதில் பணம் வருமா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பெரும்பாலும் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

டெண்ட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கிரீஸில் முறையான முகாம்களுக்கு வெளியே, கடற்கரை உட்பட எங்கும் கூடாரம் அடிப்பது சட்டவிரோதம், அபராதம் உண்டு. நாக்சோஸிலும் பாரோஸிலும் முறையான முகாம்கள் இருக்கின்றன, அங்கே வேண்டுமானால் அடிக்கலாம். ஆனால் படகையே நிறுத்துகிற காற்றில் அதை எப்படி நிமிர்த்தி வைப்பீர்கள் என்பதை உங்கள் தோழியோடு கலந்து பேசிக்கொள்ளுங்கள்.