தமிழ் எழுத்துரு வடிவமைப்பு, லெட்டரிங் (கையால் எழுத்து வரைவது) இரண்டையும் பார்த்தே பழக என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர், தேடினால் கிடைப்பதெல்லாம் ஆங்கில எழுத்துப் பாடமாகவே இருக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தார். உண்மைதான். அந்தப் பாடங்களில் எச், ஓ இரண்டையும் வரைந்துவிட்டு மற்ற எழுத்துகளை அவற்றிலிருந்து எடுப்பார்கள். தமிழில் ப, ட இரண்டையும் எவ்வளவு அழகாக வரைந்தாலும் ‘இ’யும் ‘ஞ’வும் வந்துவிடாது. சுழிகளைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

நான் ராயபுரத்தில் பத்திரிகை, கடை போர்டு டிசைன் செய்கிறேன். என் முதல் பதில், சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைப் பழுதுபார்த்துப் பெயின்ட் அடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். பெயர் எழுத ஆள் வருவார். அவரிடம் கேட்டுக்கொண்டு செல்போனில் வீடியோ எடுங்கள்.

ஒரு தடைக்காலத்தில் பெரியவர் ஒருவர் ‘அன்னை வேளாங்கண்ணி’ எழுதுவதைப் பார்த்தேன். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துத் தெறித்து இரண்டு கோடு போட்டார், அவ்வளவுதான் அளவு. மூன்று சுழி ‘ண்’ வந்ததும் பட்டை பிரஷ்ஷை லேசாகச் சாய்த்து, சுழிகளை மெலிதாக இழுத்தார். கடைசிக் காலை மட்டும் முழு அகலத்தில் இறக்கினார். ஏன் என்று கேட்டேன். “உள்ள காத்து போவணும் தம்பி. இல்லாங்காட்டி தூரத்துலர்ந்து பாத்தா அடச்சிக்கும்” என்றார்.

அன்று இரவே பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் எழுத்துருவை, எழுத்துரு வடிவமைக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்தேன். இரண்டுமே இலவசம். கனமான வடிவத்தில் ‘ட’வையும் ‘ண’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரியவர் சொன்ன காற்று அங்கேயும் தெரியும். கோடு எங்கே வளைகிறது, புள்ளி எங்கே நிற்கிறது என்று பெரிதாக்கிப் பார்ப்பதைவிட நல்ல பாடப்படம் எனக்குத் தெரியாது. அப்புறம், எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் அனேக் தமிழ் எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸ் பக்கத்தில் அதன் அகலத்தையும் தடிமனையும் இழுத்து இழுத்து மாற்றலாம். ஒடுங்க ஒடுங்க ஒவ்வொரு சுழியும் எப்படி இடம் விட்டுக்கொடுக்கிறது என்பது கண்முன்னே நடக்கும்.

பழைய அச்சுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஸ்கேன் செய்த நூல்களின் முகப்புப் பக்கங்களை மட்டும் புரட்டினாலே ஒரு வாரம் போகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். அந்த வளைவை ஒரு முறையாவது டிரேசிங் பேப்பரில் வரைந்து பாருங்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் நேரம் கிடைத்தால் போய் வாருங்கள். பிற நாட்டு லெட்டரிங்குக்கு சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவ் என்ற எழுத்துக்கலை ஆவணக் காப்பகம் தன் சேகரிப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறது.

சேர்த்த படங்களை எழுத்துரு வாரியாக அடுக்காதீர்கள், எழுத்து வாரியாக அடுக்குங்கள். என் போனில் ‘ண’வுக்கென்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. படகு, கடைப் பலகை, பழைய நூல் முகப்பு எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. நீங்கள் ‘இ’யிலிருந்து தொடங்குங்கள். என்னை இன்னும் அதிகம் திணறடிக்கும் எழுத்து அதுதான்.