ஒரே குழந்தையின் திக்கலுக்கு இரண்டு அளவுகள்: எதை நம்புவது?

உங்கள் ஐந்து வயது மகனின் திக்கலை ஒரு பேச்சு சிகிச்சையாளர் 4 விழுக்காடு என்றும், அதே மாதத்தில் மற்றொருவர் 7 விழுக்காடு என்றும் எழுதித் தந்ததாகச் சொல்லி, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறையில் பணிபுரிபவள் என்ற முறையில் சொல்கிறேன்: இருவரும் கவனமாக எண்ணியிருந்தாலும் இப்படி நேரலாம்.

பேசிய அசைகளில் எத்தனை திக்கின என்பதே இந்த விழுக்காடு. 300 அசைகளில் 12 திக்கினால் 4, 21 திக்கினால் 7. ஆக, வேறுபாடு முழுவதும் ஒன்பது இடங்களில்தான் இருக்கிறது. "ப-ப-பந்து" என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ஆனால் "அம்மா அம்மா இங்க வா" என்பது திக்கலா, அவசர அழைப்பா? உதடுகள் இறுகி ஒலி எழாமல் நின்ற ஒரு நொடி, நேரில் பார்த்தவருக்கு அடைப்பாக, அதாவது திக்கலின் ஒரு வகையாகத் தெரியும். ஒலிப்பதிவை மட்டும் கேட்டவருக்கோ குழந்தை யோசிப்பதாகவே தோன்றும். திக்கல் ஆய்வாளர்களான கல்லி, போபெர்க் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பதிவுகளைக் கேட்ட வெவ்வேறு சிகிச்சை மையங்களின் எண்ணிக்கைகளே கணிசமாக வேறுபட்டன. திக்கலின் தீவிரத்தை அளக்க ரைலி என்பவர் உருவாக்கிய அளவுகோல் எண்ணிக்கையோடு மிக நீண்ட மூன்று திக்கல்களின் சராசரி நேரத்தையும் முக, உடல் அசைவுகளையும் சேர்த்துக்கொள்கிறது. எனினும் அசைவுகளுக்கு மதிப்பெண் இடுவதும் பார்ப்பவரின் கணிப்புதான்.

அளப்பவர் ஒருபுறமிருக்க, ஒரே குழந்தையின் திக்கலே நாளுக்கு நாள், யாரோடு பேசுகிறது என்பதைப் பொறுத்து மாறுவது. மருத்துவமனை அறையில் பத்து நிமிடம் பொம்மையோடு பேசிய பேச்சு, வீட்டில் அண்ணனோடு போட்டி போட்டுப் பேசும் பேச்சுக்கு ஈடாகாது. அதனால்தான் சிறு குழந்தைகளின் திக்கலுக்காகச் சிட்னியில் உருவான லிட்கோம்ப் என்ற சிகிச்சை முறையில் பெற்றோரே தினமும் 0 (திக்கல் இல்லை) முதல் 9 (மிகக் கடுமை) வரை மதிப்பெண் இடுகிறார்கள். சிகிச்சையாளரும் பெற்றோரும் ஒரே பேச்சைக் கேட்டு, தங்கள் மதிப்பெண்கள் ஒன்றுக்கு மேல் விலகாதவரை அதை ஏற்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில்தான் நம்பிக்கை அதிகம்.

எனவே ஒருவரின் 7ஐயும் இன்னொருவரின் 4ஐயும் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ முடிவு கட்டாதீர்கள். ஒரே ஆள், ஒரே வகைச் சூழலில், பல வாரங்கள் அளந்த போக்கைப் பாருங்கள். திக்கும் சொல்லைத் தவிர்த்துப் பேசப் பழகிய குழந்தைக்கு மதிப்பெண் குறைவாகவே வரும் என்பதால், அவன் பேசத் தயங்கும் இடங்களையும் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். வீட்டில் எடுத்த ஒரே காணொளியை இருவரிடமும் கொடுத்து, எந்தெந்த இடங்களைத் திக்கலாக எண்ணினார்கள் என்று குறித்துத் தரக் கேளுங்கள்.