மைலோ டின் நிறைய சில்லறை: பேங்கில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், எப்படி நோட்டாக்குவது?

பேங்குக்குப் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை இல்லாமல் திண்டாடுகிறவர்கள் இங்கே மலேசியாவில், பினாங்கில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள்.

போன வருஷம் ஆயர் ஈத்தாமில் அம்மா வீட்டைக் கழுவியபோது சாமி மேடைக்குக் கீழே இரண்டு பெரிய மைலோ டின் கிடைத்தன. ஒன்றை மோட்டார் கூடையில் வைத்துப் பக்கத்துப் பேங்குக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் மூடியைத் திறந்து பார்த்ததோடு சரி. வகை பிரித்து, எண்ணி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு வரணும், எண்ணுகிற சார்ஜும் உண்டு என்றார்கள். வாசலில் மோட்டாரைத் தள்ளும்போது இன்னும் கனத்தது.

ஆக, முதல் வேலை பிரிப்பது. 50, 20, 10, 5 காசு தனித்தனி. அதிலும் 2012-ல் வந்த புதுக் காசையும் பழசையும் கலக்காதீர்கள். மதிப்பு ஒன்றுதான், இரண்டும் செல்லும். ஆனால் எடை வேறு. மஞ்சள் நிற 50 காசு 5.66 கிராம், வாவ் பட்டம் போட்ட பழைய வெள்ளை 50 காசு 9.33 கிராம். பிரித்துவிட்டால் எண்ணவே வேண்டாம், மாவு நிறுக்கிற தராசு போதும். புது 20 காசு 4.18 கிராம்; 209 கிராம் காட்டினால் ஐம்பது நாணயம் இருக்கிறது, பத்து வெள்ளி (ரிங்கிட்). அம்மா மட்டும் தராசை நம்பவில்லை. தரையில் பழைய பேப்பர் விரித்து, பத்துப் பத்தாக அடுக்கி, விரல் நுனி கறுத்துப்போகும்வரை எண்ணினார். ஒரு கட்டில் ஒன்று குறைந்தது. சிங்கப்பூர்க் காசு ஒன்றை நான் சேர்த்து நிறுத்திருந்தேன்.

பிறகு நாங்கள் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிற கடை அண்ணனிடம் கேட்டேன். "இருபது, அம்பது இருந்தா எவ்வளவு வேணும்னாலும் கொண்டா தம்பி. அஞ்சு காசு வேண்டாம்" என்றார். வாரம் நூறு வெள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டார், நோட்டும் உடனே கையில். ஐந்து காசு வேண்டியது மளிகைக்கடைக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும். 2008 ஏப்ரலிலிருந்து பில்லை ஐந்து காசுக்கு ரவுண்ட் பண்ணுகிறார்களே, பாக்கி கொடுக்க அவர்களிடம் எப்போதும் தட்டுப்பாடு. கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள், ஞாயிறு காலையில் போய்த் திட்டு வாங்காதீர்கள்.

சாமான் வாங்கி அந்த டின்னிலேயே பணம் கட்டலாமே என்று நினைத்தால், ஒரு தடவைக்கு 25 நாணயத்துக்கு மேல் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கலாம், 2020 நாணயச் சட்டம் அப்படி.

மிஞ்சிய 10 காசு நாணயங்களுக்குத்தான் காசு போடும் மிஷின். சில பேங்க் கிளைகளில் இருக்கிறது, கணக்கில் நேராக ஏறிவிடும். மிஷின் வேலை செய்கிறதா, சார்ஜ் எவ்வளவு என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போய் ஒரு தடவை சும்மா திரும்பினேன். காசைத் துடைத்துக்கொண்டு போவதும் நல்லது. பிசுக்குப் பிடித்ததை அது துப்பிக்கொண்டே இருந்தது.

மூன்று வாரத்தில் 512 வெள்ளி 60 காசு தேறியது. தேறாதவை, கெரிஸ் (மலாய்க் குத்துவாள்) போட்ட ஒரு ரிங்கிட் நாணயம் பதினொன்று. கள்ளக் காசு பெருகியதால் 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது. உங்கள் டின்னில் இருந்தால் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதையும் கூட்டிக் கணக்குப் போட்டு ஏமாறுவீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் 523 வெள்ளி 60 காசு என்று அம்மா அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.