உறக்கம் என்று எழுதியது பிழை

வணக்கம் அக்கா,

பாலுறவால் தொற்றும் கிளமிடியா என்ற பற்றீரியா பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் கொழும்பில் மூலக்கூற்று உயிரியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீடு வெள்ளவத்தையில். கட்டுரையில் ஒரு வரி எனக்கு இடித்தது: "உடலின் காவல் நெருங்கினால் இந்தப் பற்றீரியா கலத்துக்குள் உறங்கிவிடும், ஆபத்து நீங்கியதும் விழித்துக்கொள்ளும்." அது உண்மையில் உறங்குகிறதா? எங்கள் விரிவுரையில் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி. மனிதக் கலத்தின் மரபணு வெளிப்பாட்டையும், அதாவது எந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதையும், அதற்குள் இருக்கும் பற்றீரியாவின் மரபணு வெளிப்பாட்டையும் ஒரே ஆய்வு மாதிரியில் இருந்து வாசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லா ஆர்.என்.ஏயும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது எது யாருடையது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

மூன்றாவது, படிப்பு பற்றியது அல்ல. என் ஆய்வுத் தலைப்பு கிளமிடியா என்று சொன்னதும் அம்மா, "சொந்தக்காரர் கேட்டால் ஏதோ பற்றீரியா என்று மட்டும் சொல்லு" என்றார். நான் என்ன செய்யவேண்டும் அக்கா?

ஒரு வாசகி, கொழும்பு 6

*

அன்பின் தங்கைக்கு,

உங்கள் விரிவுரையாளர் சரி. நான் எழுதியது பிழை. அந்த வரியைக் கட்டுரையில் இன்று திருத்திவிட்டேன். ஆனால் அது ஏன் பிழை என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் அதையே முதலில் எடுக்கிறேன்.

காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சனம் நிறைந்த பஸ். பெரும்பாலானோர் சிங்களத்தில் கதைக்கிறார்கள். பின் சீற்றில் இரண்டு பேர் தமிழில் குசுகுசுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இஞ்சின் சத்தம். இந்தப் பஸ்ஸுக்குள் ஒரு ஒலிப்பதிவு செய்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, கலக்கி, உங்கள் கையில் தந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் இஞ்சின் சத்தத்தை அகற்றுவீர்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் கேட்டு, இது சிங்களம், இது தமிழ் என்று பிரிப்பீர்கள். சில துண்டுகளில் 'சப்பாத்து' என்றோ 'அலுமாரி' என்றோ மட்டும் இருக்கும். போர்த்துக்கீசர் விட்டுப்போன இந்தச் சொற்கள் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அந்தத் துண்டுகளை யாருடைய கணக்கிலும் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பீர்கள்.

ஆய்வுகூடத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இஞ்சின் சத்தம் என்பது, கலத்தில் புரதம் செய்யும் றைபோசோம்களின் ஆர்.என்.ஏ. ஒரு கலத்தின் ஆர்.என்.ஏயில் மிகப் பெரும் பகுதி அதுதான், மனிதக் கலத்திலும் சரி, பற்றீரியாவிலும் சரி. இரண்டுடையதையும் அகற்றவேண்டும். மிஞ்சும், மரபணுவின் செய்தியைக் காவும் தூது ஆர்.என்.ஏயை டி.என்.ஏயாக மாற்றி, சிறு துண்டுகளாக வரிசை வாசித்து, ஒவ்வொரு துண்டையும் இரண்டு மரபணுத்தொகுதிகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மனிதனுடையது ஏறத்தாழ 300 கோடி எழுத்து. கிளமிடியா டிரகோமாட்டிசினுடையது வெறும் 10 லட்சம் எழுத்தும் சுமார் 900 மரபணுக்களும். 1998இலேயே அது முழுதாக வாசிக்கப்பட்டுவிட்டது. இரண்டும் வெகு தூரத்து உயிர்கள் என்பதால் குழப்பம் தரும் துண்டுகள் குறைவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதை அறிந்திருப்பது உங்கள் ஆய்வுக்கும் உதவும். மனிதத் தூது ஆர்.என்.ஏயின் நுனியில் அடினின் எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட வால் உண்டு. வழக்கமான முறையில் அந்த வாலைப் பிடித்துத்தான் தூதுகளை மீன் மாதிரித் தூக்கி எடுப்பார்கள். பற்றீரியாவின் தூதுகளுக்கு அந்த மாதிரி வால் இல்லை. வாலைப் பிடித்தால் மனிதன் மட்டும் வலையில் வருவான், பற்றீரியா முழுவதும் கழிவுநீரோடு போய்விடும். பல காலம் இரண்டு தரப்பையும் தனித்தனியாகவே படித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில்தான், கிளமிடியா தொற்றிய கலங்களில் 1 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் இரு தரப்பையும் ஒன்றாக வாசித்துக் காட்டினார்கள். முதல் மணி நேரத்தில் பின் சீற்றுக் குசுகுசுப்பு எவ்வளவு சிறியதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பற்றீரியாவின் பங்கு அந்த நேரத்தில் மிக மிகக் கொஞ்சம். அதை எடுக்க வாசிப்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். பக்கத்திலேயே தொற்றாத கலங்களையும் அதே மணிக்கணக்கில் வளர்த்து வாசிக்கவேண்டும். இல்லாவிட்டால், கலம் சும்மா வளர்ந்ததால் வந்த மாற்றத்தை நோயால் வந்தது என்று எழுதிவிடுவோம்.

சரி, இப்போது உறக்கத்துக்கு வருவோம்.

கிளமிடியாவுக்கு இரண்டு வடிவம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே இருப்பது 0.3 மைக்ரோமீற்றர் அளவான தொற்றும் வடிவம். அதன் டி.என்.ஏ சில புரதங்களால் இறுகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். கலத்துக்குள் நுழைந்து, ஒரு குமிழுக்குள் இருந்துகொண்டு, சில மணி நேரத்தில் கட்டவிழ்ந்து, ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் அளவான பெருகும் வடிவமாக மாறும். அது பிரிந்து பிரிந்து பெருகி, ஒரு நாள் அளவில் மறுபடி தொற்றும் வடிவமாக மாறத் தொடங்கி, 48 முதல் 72 மணி நேரத்தில் வெளியேறும். 1907இல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டெட்டர், புரோவாசெக் என்ற இருவர் கண்நோய் கண்டவர்களின் இமைச் சுரண்டலில் முதலில் பார்த்தது இந்தக் குமிழைத்தான். மேலங்கி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் கிளமிடியா என்ற பெயர் வந்தது.

வெளியே இருக்கும் அந்தச் சிறு வடிவத்தைக் கூட விதை மாதிரி, உயிர்ச்செயல் எதுவும் இல்லாதது என்றுதான் முந்தி நினைத்தார்கள். 2012இல் அதைக் கலமே இல்லாத ஒரு வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, குளுக்கோஸ்-6-பொஸ்பேற்று என்ற சர்க்கரைப் பொருளைக் கொடுத்தார்கள். அது அதை எரித்துப் புரதம் செய்தது. ஆக, உறக்கம் என்ற சொல் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

நான் கட்டுரையில் சொல்ல வந்தது வேறொரு நிலையைப் பற்றி. நம் உடலின் காவல் கலங்கள் இன்டர்பெரோன் காமா என்ற செய்தியை அனுப்பும். அதைக் கேட்ட மனிதக் கலம் ஐ.டி.ஓ என்ற நொதியத்தின் மரபணுவை இயக்கும். அந்த நொதியம் கலத்துக்குள் இருக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உடைத்துத் தள்ளும். டிரிப்டோபனை நாமும் செய்ய முடியாது. பருப்பு, முட்டை, மீன் என்று சாப்பாட்டில் இருந்துதான் பெறவேண்டும். கிளமிடியாவும் அதைக் கலத்திடம் இருந்தே எடுத்துப் பழகியது. மாடி அனெக்ஸில் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாத வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்துவது போல, கலம் தன் பங்கையும் இழந்து, உள்ளே இருப்பதைப் பட்டினி போடுகிறது.

அப்போது பற்றீரியா பிரிவதை நிறுத்தி, ஊதிப் பெருத்து, ஒழுங்கற்ற உருவமாக ஆகிவிடும். நுணுக்குக்காட்டியில் மட்டும் பார்த்தவர்கள் அதை ஓய்ந்து கிடப்பதாக எழுதினார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நானும் எழுதினேன். ஆனால் 2003இல் இந்த நிலையில் இருக்கும் பற்றீரியாவின் மரபணு வெளிப்பாட்டை முழுதாக அளந்தார்கள். பிரிவதற்கான மரபணுக்களும், தொற்றும் வடிவமாக மாறுவதற்கான மரபணுக்களும் தணிந்திருந்தன. அதே நேரத்தில் டிரிப்டோபன் சம்பந்தமானவை, டி.என்.ஏயைப் பழுதுபார்ப்பவை, புரத உற்பத்திக்கானவை, நெருக்கடி காலத்துக்கானவை எல்லாம் உயர்ந்திருந்தன. உறங்குகிறவர் வீட்டில் இவ்வளவு விளக்கு எரியாது. இன்டர்பெரோனை அகற்றி டிரிப்டோபனைத் திரும்பக் கொடுத்ததும் அது மறுபடி பழைய பாதைக்கு வந்தது.

இதற்குப் பிறகு வருவதுதான் என்னை ஒரு கிழமையாகத் தூங்கவிடாத பகுதி. அதே 2003இல் இன்னொன்றும் வெளிவந்தது. பாலுறுப்புகளைத் தொற்றும் கிளமிடியா வகைகளுக்கு, இன்டோல் என்ற பொருள் கிடைத்தால் அதில் இருந்து டிரிப்டோபனைத் தாமே செய்யும் நொதியம் வேலைசெய்யும் நிலையில் இருக்கிறது. கண்ணைத் தொற்றும் வகைகளில் அதே மரபணு பழுதாகிவிட்டது. ஏன்? இன்டோலைக் கிளமிடியா தானாகச் செய்வதில்லை. பெண்ணின் பிறப்புவழியில் வாழும் வேறு சில பற்றீரியாக்கள் செய்கின்றன. கண்ணில் அப்படிப்பட்ட அயலவர் இல்லை. அதனால் அந்த மரபணுவை வைத்திருந்தும் கண்ணில் பயன் இல்லை. வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தினால் பக்கத்து வீட்டில் இருந்து குழாய் இழுக்கிற மாதிரி ஒரு வேலை இது. அந்த நொதியத்தின் மரபணு எப்போதும் இயங்குவதும் இல்லை. டிரிப்டோபன் இருக்கும்வரை ஒரு தடுப்புப் புரதம் அதை மூடிவைத்திருக்கும், குறைந்ததும் திறந்துவிடும்.

பாருங்கள் தங்கை, பற்றீரியாவின் மரபணு வெளிப்பாட்டுப் பட்டியலை மட்டும் வைத்திருந்தால், திடீரென்று ஏன் டிரிப்டோபன் மரபணு உயர்ந்தது என்று விளங்காது. மனிதனின் பட்டியலை மட்டும் வைத்திருந்தால், ஐ.டி.ஓ இவ்வளவு உயர்ந்தும் தொற்று ஏன் ஒழியவில்லை என்று விளங்காது. என் கட்டுரையில் நான் பற்றீரியாவை மட்டும் பார்த்தேன். ஒரு தரப்பின் மௌனத்தைப் பார்த்து உறக்கம் என்று தீர்ப்பு எழுதினேன். அதுதான் நான் விட்ட பிழை.

இரண்டு எச்சரிக்கைகள், உங்கள் ஆய்வறிக்கைக்காக. முதலாவது, தொற்றும் வடிவம் தன் முந்தைய சுற்றில் எழுதிய தூது ஆர்.என்.ஏயில் கொஞ்சத்தைத் தன்னோடு காவிக்கொண்டு வருகிறது. முதல் மணி நேரத்தில் நீங்கள் காண்பது எல்லாம் புதிதாக எழுதப்பட்டது என்று எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, இந்த ஆய்வுகளில் பல ஹேலா கலங்களில் செய்யப்பட்டவை. ஹென்றியெட்டா லக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றில் இருந்து 1951இல், அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்த கலங்கள் அவை. குடுவையில் காவல் கலங்களும் இல்லை, இன்டோல் தரும் அயலவரும் இல்லை. ஒரு பெண்ணின் உடலில் எல்லாம் ஒன்றாக நடக்கிறது.

அந்த உடலைப் பற்றித்தான் உங்கள் மூன்றாவது கேள்வி.

எனக்கு ஒரு சித்தி. கொட்டாஞ்சேனையில் இருந்தவர். கல்யாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளை இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோவில் என்று நடந்தார். கடைசியில் ஒரு வைத்தியசாலையில் படம் எடுத்து, இரண்டு கருக்குழாயும் அடைபட்டிருக்கிறது என்றார்கள். ஏன் அடைபட்டது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சித்தப்பாவுக்கு ஒரு சோதனையும் செய்யப்படவில்லை. "அவளுக்குத்தான் குறை" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்தது. அது கிளமிடியாதான் என்று நான் சொல்லவில்லை, அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனால் குழாய் அடைபடுவதற்கு அது ஒரு முக்கிய காரணம். தொற்று உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. ஆண்களிலும் பலருக்குத் தெரியாது. தழும்பு உண்டாவதில் பெரும் பங்கு நம் கலங்களே காட்டும் அழற்சிக்கு உண்டு. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டொக்சிசைக்ளின் ஏழு நாள் போதும். தழும்பு விழுந்த பிறகு மருந்து தொற்றை நீக்கும், குழாயைத் திறக்காது. துணைவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் அது திரும்ப வரலாம்.

அங்கேயும் ஒரு தரப்பை மட்டும்தான் வாசித்தார்கள்.

போன மாதம் கட்டுரை வந்த பிறகு சித்தி தொலைபேசியில் எடுத்தார். இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. பேரப்பிள்ளை முறையான ஒருத்தி கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். "அப்ப உன்ர சித்தப்பாவுக்கும் பார்த்திருக்க வேணுமோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் சித்தி என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அதனால் அம்மாவிடம் கோபிக்காதீர்கள். மேகநோய், கெட்ட நோய் என்று மூடிச் சொல்லும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். உங்களை அந்தச் சொற்களில் இருந்து காப்பாற்றத்தான் பார்க்கிறார். ஆனால் சொந்தக்காரர் கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். கிளமிடியா என்று, பாலுறவால் தொற்றும் பற்றீரியா என்று, பெண்களின் குழாயை அடைத்துவிடக்கூடியது என்று, மாத்திரையால் தொற்று குணமாகும் என்று. எங்கே போய்க் கேட்பது என்று யாராவது உங்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், அப்படி ஒருவராவது நிச்சயம் விசாரிப்பார், தேசிய வைத்தியசாலைக்குக் கிட்ட டி சேரம் பிளேஸில் அரசின் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது என்று சொல்லுங்கள். காசு கேட்கமாட்டார்கள், விபரத்தை வெளியே விடமாட்டார்கள். கணவன் மனைவி இருவரையும் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா