ஏழாம் மாதத்தில் இடுப்பு, அடிமுதுகு வலி: வீடியோ பார்த்து உடற்பயிற்சி செய்தால் போதுமா?

போதாது. ஒரு தடவையாவது யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். உங்களுக்கும் முதல் பிரசவமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

2019 கோடை. புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வருடம். பெரம்பூரில் இரண்டாவது மாடி வீடு, எனக்கு ஏழாம் மாதம். இரவில் புரண்டு படுத்தால் தொடை இடுக்கில் எலும்பு பிரிகிற மாதிரி வலிக்கும். செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்து, "இதைச் செய்யும்மா" என்றார்கள். படத்தைப் பார்த்துப் பத்து நாள் செய்தேன். வலி கூடியதுதான் மிச்சம்.

அப்புறம் நாத்தனார் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் அழைத்துப் போனார். அந்த அக்கா என்னைச் சுவரில் சாய்ந்து, முட்டியை லேசாக மடக்கி நிற்கச் சொன்னார். என் இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை நுழைத்து, "மூச்சை விட்டுக்கிட்டே என் கையை அமுக்கு" என்றார். அமுக்கினேன். "பாரு, மூச்சைப் பிடிக்கிற, பின்பக்கத்தை இறுக்குற. அடிவயிறு உள்ளே போகணும்." பத்து நாளாகத் தப்பாகவே செய்திருக்கிறேன். இதைத் தாளோ வீடியோவோ சொல்லுமா?

கர்ப்பத்தில் ஹார்மோனால் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்துபோகும், அதனால் ஒற்றைக் காலில் பாரம் போடாதே என்றார். உட்கார்ந்துதான் உடை மாட்ட வேண்டும். இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்துப் புரள வேண்டும். தூங்கும்போது முட்டிகளுக்கு நடுவில் தலையணை. மூன்று வாரத்தில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் கட்டிலை விட்டு எழுந்தேன்.

நான் டாக்டர் இல்லை. வலி முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்லவில்லை. ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, தலைசுற்றல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'எங்கள் பாட்டி குனிந்து வீடு துடைத்தே பத்துப் பெற்றாள்' என்று சொல்ல வருபவர்களுக்கு ஒன்று: உலக சுகாதார நிறுவனமே 2016இல், கர்ப்பகால முதுகு, இடுப்பு வலியைத் தடுக்கத் தொடர்ச்சியான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்திருக்கிறது. பாட்டிக்கு வலித்ததா என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஹவுஸ் ஓனரும் கேட்கவில்லை. கீழே தொட்டியில் தண்ணீர் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தும் மோட்டார் ரூம் சாவியைத் தரவில்லை. வாரத்துக்கு நான்கு நாள், இரண்டு மாடி, இடுப்பில் குடம். வாடகையை மட்டும் ஒன்றாம் தேதியே வாங்கிக்கொண்டார்.