கணையத்தில் நீர்க்கட்டி என்று சிடி ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு எம்ஆர்ஐ? காசு பிடுங்கத்தானே?

இதே கேள்வியை டாக்டரிடம் முகத்துக்கு நேராகக் கேட்டவன் நான். உங்கள் வீட்டிலும் யாருக்கோ வயிற்றுவலி முதுகுவரை குத்தி, கேஸ் என்று மாத்திரை போட்டு, கடைசியில் ஸ்கேனுக்கு வந்திருப்பீர்கள். நான் கணக்கு எழுதுகிற ஆள்தான். டாக்டர்கள் யாராவது படித்தால் பின்னூட்டத்தில் பாய வேண்டாம்.

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. ஒரே வருடத்தில் இரண்டு முறை கணைய அழற்சி. சிடியில் கணையம் வீங்கியிருந்தது, கூடவே 2.5 செ.மீ. நீர்க்கட்டி. அழற்சிக்குப் பிறகு நீர் தேங்கி வரும் சூடோசிஸ்ட்டாக இருக்கலாம் என்றது ரிப்போர்ட். பித்தப்பையில் கல் இல்லை. அழற்சிக்குக் காரணம் கல் இல்லையென்றால் குடியாக இருக்குமோ என்று உடனே முதல் டாக்டர், "தாரூ பீத்தீ ஹை க்யா?" (சாராயம் குடிப்பாங்களா?) என்றார். ஏகாதசி தவறாமல் பட்டினி கிடக்கிற அம்மா, அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. வழக்கமான கேள்விதான், தெரியும். கேட்கிற விதம் என்று ஒன்று இல்லையா?

இரண்டாவது டாக்டர்தான் எம்ஆர்சிபி எழுதினார்; கணையக் குழாயையும் பித்தக் குழாயையும் காட்டுகிற எம்ஆர்ஐதான் அது. உள்ளே போகுமுன் அம்மா தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, மஞ்சள் கட்டிய கயிறு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டது. குடிக்க அன்னாசி ஜூஸ் கொடுத்தார்கள். அதிலுள்ள மாங்கனீசு, படத்தில் குடல் நீரின் வெளிச்சத்தை அமுக்கிவிடுவதால் கணையக் குழாய் தனியாகத் தெரியுமாம்.

தெரிந்தது. திராட்சைக் கொத்து மாதிரி கட்டி, அதன் காம்பு குழாயில் போய்ச் சேர்ந்திருந்தது. அது சுரக்கும் கோழை குழாயை அடைத்ததால்தான் அழற்சி. அழற்சியால் கட்டி என்று இருந்தோம், கட்டியால் அழற்சி! சிடி வேண்டாம் என்று சொல்லவில்லை. சுண்ணாம்புப் படிவு, ரத்தக் கசிவு, சீழில் காற்று இதற்கெல்லாம் அவசரத்தில் அதுதான். குழாய்த் தொடர்புக்கு எம்ஆர்ஐ.

அப்புறம் எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்டும் பார்த்தார்கள். கட்டியின் உட்சுவரில், புற்றாக மாறுவதற்கான அடையாளமான முடிச்சு இல்லை. முக்கியக் குழாய் 4 மி.மீ.; 10 ஆகியிருந்தால் ஆபரேஷன் பேச்சு வந்திருக்கும். இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

எங்கள் சொசைட்டியில் எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் வாட்ச்மேனும்தான் அம்மாவை இறக்கினோம். ஐப்பசியில் அடுத்த ஸ்கேன். வாட்ச்மேன் அப்போது ஊருக்குப் போகிறாராம்.