அரைச் சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அக்கா,

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து நான்கு வருடமாகிறது. என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. போன மாதம் ஒரு பயிற்சியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். “படிப்பில் ஆர்வம் காட்டாத மாணவரை ஈடுபடுத்த உங்களால் எவ்வளவு முடியும்?” என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண் போடச் சொன்னார்கள். நான் இரண்டு போட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளைகள் பேச்சு ஒரே கொச்சை, வீட்டில் தினமும் குடியும் சண்டையும். வீடு அப்படி இருந்தால் பள்ளியில் நான் என்ன செய்துவிட முடியும்? பக்கத்து வகுப்பு டீச்சருக்கு மட்டும் இதே பிள்ளைகள் கட்டுப்படுகிறார்கள். அது அவருக்குப் பிறவி வரம். நடுவில் அரைச் சுவர்தான். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு மனசு சுருங்கிப் போகிறது. தம்பி ஒரு வங்கியில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். போகலாமா? தன்னம்பிக்கை வளர நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆர்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ஆர்.,

அம்மாவின் தலைத்திதி நெருங்குகிறது. பத்து நாளாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. வங்கி வேலை உங்கள் வீட்டார் பேசிக்கொள்ள வேண்டியது. ஆனால் பிள்ளைகளின் பேச்சு கொச்சை என்று இனி ஒரு முறை எழுதாதீர்கள். நானும் உங்கள் பக்கத்துத் தண்டையார்பேட்டையில் பிறந்தவள். “இன்னாமே” என்று பேசி வளர்ந்தவள். செருப்பைப் போல என் பேச்சையும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்ன ஒரு டீச்சரிடம் இரண்டு வருடம் நான் வாயே திறக்கவில்லை. மக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். உங்கள் வகுப்பிலும் அப்படி வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

“வீடு அப்படி இருந்தால் நான் என்ன செய்துவிட முடியும்” என்கிறீர்கள். இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், 1976-இல் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தார் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆசிரியர்களிடம் நீட்டி, இதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். கூடவே இன்னொரு வாக்கியம்: “நான் உண்மையாகவே முயன்றால் எவ்வளவு கடினமான மாணவரையும் எட்டிவிடுவேன்.” ஆசிரியரின் நம்பிக்கையை அளக்கும் வேலை இந்த இரண்டு வாக்கியத்தில்தான் தொடங்கியது. தம்மால் முடியும் என்று சொன்ன ஆசிரியர்களின் பிள்ளைகள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். நீங்கள் நிரப்பிய படிவம், 2001-இல் சானன்-மொரன், உல்ஃபோக் ஹோய் என்ற இரு பெண்கள் உருவாக்கிய 24 கேள்விகளின் வழிவந்ததாக இருக்கும். அதில் இரண்டு போட்டதற்காக அழ வேண்டியதில்லை. அது உங்கள் திறமைக்குப் போட்ட மார்க் கிடையாது. அந்த நேரத்தில் உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது மட்டும்தான் அது.

ஆனால் வீட்டின் மேல் பழி போட்டதை நான் மன்னிப்பதாக இல்லை. விடியற்காலை காசிமேட்டு மீன் ஏலத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கூடை என்ன விலைக்குப் போனது, கையில் கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பத்து வயதுப் பையன் நின்ற இடத்தில் சொல்வான். அவனே உங்கள் பலகையில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுவான். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். பிரேசிலின் ரெசிஃபெ நகரில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து 1985-இல் ஓர் ஆய்வு வந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. வீட்டிலிருந்து அவன் கணக்கோடுதான் வருகிறான். நீங்கள் அதைக் கேட்கவில்லை.

கோபம் வேண்டாம். அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா ஸ்டாஃப் நர்ஸ். எழுபதுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சேர்ந்தார். மழைக்காலம், எங்கே பார்த்தாலும் வாந்திபேதி. உடம்பில் நீர் வற்றிய குழந்தைக்கு நரம்பு ஒடுங்கிப் போயிருக்கும், விரலுக்குத் தட்டுப்படாது. ஒரு ராத்திரி எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு டிரிப் ஏற்ற மூன்று இடத்தில் குத்தியும் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. குழந்தையின் தாய் அவர் கையைத் தட்டிவிட்டாள். பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும், “இந்தக் கைக்கு எதுக்கு இந்த உத்தியோகம்?” என்றார். வேலையை விட்டுவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அப்பாவும் சரியென்றார்.

மறுநாள் ராத்திரி ராயபுரத்துக்காரச் சீனியர் சிஸ்டர் ஒருவர் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். “யம்மா, என் மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு.” வெந்நீரில் நனைத்த பஞ்சைக் குழந்தையின் கையில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தார். ரப்பர் டியூபை மெதுவாகக் கட்டினார். வார்டு விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் பிடித்தார். கை முழுக்கச் சிவந்து, நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. தோலைக் கட்டைவிரலால் கீழே இழுத்து, ஊசியைப் படுத்தவாக்கில் நுழைத்தார். குழாயில் ரத்தம் ஒரு துளி திரும்பியது. “பாத்தியா? அங்கயே நில்லு. உள்ள தள்ளாத. மொதல்ல கட்ட அவுரு.”

அன்று அம்மாவுக்குக் கொடுத்த வேலை பிளாஸ்டர் ஒட்டுவது மட்டும். அடுத்த ராத்திரி டார்ச் பிடிப்பது. அதற்கடுத்த நாள் ஊசி அம்மாவின் கையில், அந்தக் கைமேல் சிஸ்டரின் கை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அந்தக் கை விலகியதை அம்மா கவனிக்கவே இல்லையாம். “உன்னால் முடியும்” என்று அந்தச் சிஸ்டர் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. இதை அம்மா கடைசி வரை சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார்.

அதே காலத்தில், 1977-இல், ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யப் பார்த்தது, பிறர் சொன்ன சொல், அந்த நேரத்தில் உடம்பு படும் பாடு என்று நான்கு ஊற்றைச் சொன்னார். முதல் ஊற்றுதான் பலமானது. வெறும் சொல்லால் வந்தது ஒரு தோல்வியிலேயே கரைந்துவிடும். பாம்பென்றால் நடுங்குகிறவர்களை அவரும் அவரோடு இருந்தவர்களும் தேற்றிய விதத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சிஸ்டர்தான் நினைவுக்கு வந்தார். முதலில் தேற்றுகிறவர் பாம்பைத் தொடுவார், பயந்தவர் பார்ப்பார். பிறகு இருவரும் சேர்ந்து, கையுறையோடு. பிறகு கையுறை இல்லாமல். கடைசியில் பயந்தவர் மட்டும். இதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைத்தால் எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல் மேடைக்குப் போய்க் கெட்டுவிட்டது. இது ஒரு குறிப்பிட்ட வேலையில், குறிப்பிட்ட கைக்கு வரும் நம்பிக்கை. ஊசி போடுவதில் அசையாத என் அம்மா, வங்கியில் சலான் நிரப்பக் கடைசி வரை பயந்தார்.

இப்போது உங்கள் அரைச் சுவருக்கு வருகிறேன். நான்கு வருடம்! பிறவி வரம் என்கிறீர்களே, ஒரு பிரிவேளையாவது அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தீர்களா? சிரிப்புச் சத்தம் மட்டும்தான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் அவர் என்ன கேட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எதைக் கையில் எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தி கிடைத்தாள். வார்டில் யாரும் யாரையும் பார்க்காமல் வேலை செய்ய முடியாது. பள்ளியில் முடிகிறது. முதல் நாளே நாற்பது பிள்ளைகளோடு ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டு, அடுத்து யாராவது உள்ளே வந்தால் அது குறை கண்டுபிடிக்க வருவதாகவே இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஏறும் நம்பிக்கை, வேலைக்கு வந்த முதல் வருடத்தில் இறங்குவதை அந்த உல்ஃபோக் ஹோய் அம்மாவே கண்டு எழுதியிருக்கிறார். பயிற்சியில் பக்கத்தில் ஆள் இருந்தது, வேலையில் இல்லை. எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது. நல்ல ஆசிரியைகள் இப்படித் தனியாக நின்று ஓய்ந்து போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. உங்களை அப்படி விட எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை அந்த டீச்சரிடம் போய், “உங்க கிளாஸ்ல பின்னாடி ஒரு பீரியட் உக்காந்துக்கட்டுமா, டீச்சர்?” என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள். குறிப்பெடுக்க வேண்டாம். ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னதும் அவர் அடுத்து என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு, 35 என்று எழுதிய ஒரே ஒரு பிள்ளையோடு உட்காருங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். முதல் தடவை, முடிந்தால் அந்த டீச்சர் பக்கத்தில் இருக்கட்டும்.

பார்த்ததை எனக்கு எழுதுங்கள். அந்த வகுப்பில் எப்படிச் சிரித்தார்கள் என்பதை விடுங்கள், டீச்சரின் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா